ஓடும் மென்பொருளை நிறுத்தாமல் புதுப்பிப்பது எப்படி: பல சர்வர் அமைப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் கடைகள், பள்ளத்தூரில் ஒரு பலகாரக் கூடம், வெளிநாட்டு ஆர்டர்களுக்கு ஓர் இணையதளம் என்று நடக்கும் ஒரு செட்டிநாட்டுப் பலகார வியாபாரத்தை இந்த வழிகாட்டி முழுவதற்கும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி இருப்பதால் அங்கிருந்து வரும் ஆர்டர்கள் இங்கே விடிவதற்குள் தொடங்கிவிடுகின்றன. அமெரிக்காவில் இருப்பவர்கள் நமது நள்ளிரவில் தேன்குழலும் மாவுருண்டையும் கேட்கிறார்கள். ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாள்கள் நெருங்கும்போது பகலிலும் இடைவெளி கிடைப்பதில்லை. "இரவு 2 மணிக்கு நிறுத்திவிட்டு மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்வதற்கு இந்த வியாபாரத்தில் இரவு 2 மணி என்று ஒரு சும்மா கிடக்கும் நேரமே இல்லை.

மென்பொருளின் அமைப்பு இதுதான். இணையதள ஆர்டர்களை வாங்கும் சர்வர் நிரல் 6 பிரதிகளாக ஓடுகிறது. அவற்றின் பின்னால் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இருக்கிறது. ஆர்டர்கள், செய்திகளை வரிசையில் வைத்து ஒவ்வொன்றாகத் தரும் ஒரு மெசேஜ் க்யூ வழியாகப் பலகாரக் கூடத்தின் திரைக்குப் போகின்றன. கடைகளில் உள்ள பில் போடும் கணினிகள், மின்சாரமோ இணையமோ போனாலும் பில் போட வேண்டும் என்பதால், சிறிது தகவலைத் தம்மிடமே வைத்துக்கொண்டு பிறகு அனுப்புகின்றன.

இப்போது செய்ய வேண்டிய மாற்றம் சிறியதாகத் தோன்றுவது. இதுவரை எல்லா ஆர்டர்களும் கிலோ கணக்கில்தான் வந்தன. தரவுத்தளத்தில் 'அளவு' என்ற கட்டத்தில் 2 என்று இருந்தால் 2 கிலோ என்று பொருள். சீர்ப் பலகாரம் வாங்குபவர்களோ 51, 101 என்று எண்ணிக்கையில் கேட்கிறார்கள். எண்ணிக்கை ஆர்டரையும் ஏற்க வேண்டும். 101 அதிரசம் என்று புதிய சர்வர் எழுதியதை, இன்னும் மாறாத கூடத்துத் திரை 101 கிலோ என்று காட்டினால் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த வேலையின் அபாயம் எங்கே இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

புதிய நிரல் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பது இதில் பாதிக் கேள்விதான். பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் ஓடும் அந்த இடைக்காலத்தில் ஒன்று எழுதுவதை மற்றொன்று சரியாகப் புரிந்துகொள்கிறதா என்பதே மீதிப் பாதி. பல கணினிகளில் பரவி ஓடும் அமைப்புகளில் புதுப்பிப்பின்போது நேர்ந்த 123 உண்மையான தோல்விகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, இரு பதிப்புகள் ஒரே தகவலை வெவ்வேறு விதமாகப் படித்ததால் விளைந்தவை என்று கண்டறிந்தது. ஆகவே இந்த இடைக்காலத்தைக் கண்ணை மூடிக் கடந்துவிடலாம் என்று எண்ணாமல், அதையே தனியாக வடிவமைக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாமே அதற்காகத்தான்.

படி 1: யார் எழுதுகிறார்கள், யார் படிக்கிறார்கள் என்று எழுதிவைத்தல்

நிரலைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் இதை எழுதுங்கள்: மாறப்போகும் தகவலை எந்தெந்த நிரல்கள் எழுதுகின்றன, எவை படிக்கின்றன, அது எங்கெங்கே தங்குகிறது, எவ்வளவு காலம் தங்குகிறது. தரவுத்தளத்தை யாரும் மறப்பதில்லை. க்யூவில் காத்திருக்கும் மெசேஜ்கள், அடிக்கடி வேண்டியதைத் தற்காலிகமாக வைத்திருக்கும் கேஷ், இரவில் ஓடும் அறிக்கை நிரல், கணக்கருக்குப் போகும் கோப்பு ஆகியவற்றைத்தான் மறக்கிறார்கள்.

ஒவ்வொரு நிரலுக்கும் எதிரே அதன் பழைய பதிப்பு அதிகபட்சம் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பதையும் குறியுங்கள். சர்வர் பிரதிகளுக்கு அது சில நிமிடங்கள். கூடத்துத் திரைக்கு ஒரு நாள். கடைக் கணினியோ பழுதாகி மூலையில் கிடந்து, திருவிழா நெருங்கும்போது மீண்டும் எடுத்துப் போடப்படலாம். அதற்கு மாதக் கணக்கு. இந்தப் பட்டியலில் வரும் மிகப் பெரிய எண்ணே உங்கள் இடைக்காலத்தின் உண்மையான நீளம்.

படி 2: மாற்றத்தைத் துண்டுகளாகப் பிரித்தல்

ஒரே வெளியீட்டில் முடிக்க நினைக்கும் மாற்றத்தை முதலில் விரித்தல், பிறகு இடம் மாற்றுதல், கடைசியில் சுருக்குதல் என்று மூன்று நிலைகளாக்குவது நன்கு நிலைபெற்ற முறை. விரிக்கும்போது புதியது சேரும், பழையது எதுவும் போகாது. இடம் மாற்றும்போது எழுதுவதும் படிப்பதும் ஒவ்வொன்றாகப் புதியதற்கு நகரும். பழையதைப் பயன்படுத்துபவர் ஒருவரும் இல்லை என்று உறுதியான பிறகே சுருக்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் 'அளவு' என்ற கட்டத்தின் பொருளை மாற்றவே கூடாது. அது இருக்கும் வரை கிலோதான். அதன் பக்கத்தில் 'எண்ணளவு' (எத்தனை), 'அலகு' (கிலோவா, எண்ணிக்கையா) என்று இரண்டு புதிய கட்டங்களைச் சேர்க்கிறோம். பெயர் மாறினால் பழைய நிரல் பிழை காட்டி நின்றுவிடும், நமக்கும் உடனே தெரிந்துவிடும். பொருள் மட்டும் மாறினால் எந்த நிரலும் நிற்காது, எந்த எச்சரிக்கையும் வராது, தவறான அளவில் மாவு பிசைந்த பிறகுதான் தெரியும். இந்த இரண்டில் அஞ்ச வேண்டியது பின்னதற்கே. நிரல்கள் தகவல் பரிமாறப் பயன்படும் புரோட்டோகால் பஃபர் போன்ற வடிவங்களில் ஒரு புலத்தை (கட்டத்தை) நீக்கினால் அதன் எண்ணை 'ஒதுக்கப்பட்டது' என்று குறித்துவைத்து, வேறு எதற்கும் மீண்டும் தரக் கூடாது என்று வலியுறுத்துவதற்கும் இதுவே காரணம்.

அடுத்து, புதிய தகவல்களை இரண்டு வகையாகப் பிரியுங்கள். 2 கிலோ தேன்குழல் என்ற ஆர்டரைப் பழைய வடிவிலும் சொல்லலாம், புதிய வடிவிலும் சொல்லலாம். இதைப் புதிய நிரல் இரண்டு இடத்திலும் எழுத வேண்டும். 101 அதிரசம் என்பதைப் பழைய வடிவில் சொல்லவே வழியில்லை. அத்தகைய ஆர்டரை, படிப்பவர்கள் எல்லாரும் மாறி முடிக்கும் வரை அமைப்புக்குள் அனுமதிக்கவே கூடாது. அதற்காக ஃபீச்சர் ஃபிளாக் எனப்படும் ஒரு சுவிட்சைப் புதிய நிரலில் வைத்து, அணைத்த நிலையிலேயே வெளியிடுகிறோம். கூடத்துத் திரையின் நிரலிலும் ஒரு சிறு விதியைச் சேர்ப்பது நல்லது: தனக்குத் தெரியாத அலகு வந்தால் ஊகிக்காமல், அந்த ஆர்டரைத் தனியே ஒதுக்கி மேலாளருக்குக் காட்ட வேண்டும்.

படி 3: தரவுத்தளத்தை விரித்தல்

போஸ்ட்கிரெஸில் ஒரு கட்டத்தைச் சேர்ப்பது நொடிப்பொழுது வேலை; 2018இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து, மாறாத இயல்பு மதிப்போடு சேர்த்தாலும் அட்டவணை முழுவதும் மீண்டும் எழுதப்படுவதில்லை. ஆயினும் அந்த நொடிக்கு அட்டவணையின் மீது, வேறு யாரும் படிக்கவும் எழுதவும் விடாத முழுப் பூட்டு தேவைப்படுகிறது. கணக்கர் அந்த நேரத்தில் ஒரு நீண்ட அறிக்கையை ஓடவிட்டிருந்தால், நமது கட்டளை அது முடியும் வரை காத்திருக்கும். காத்திருக்கும் நமது கட்டளைக்குப் பின்னால் சாதாரண ஆர்டர் வினவல்கள் எல்லாம் வரிசையில் நின்றுவிடும். கட்டளை சிறியது, அறிக்கையும் தவறில்லை, ஆனால் இணையதளம் நின்றுபோகும். எனவே பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தை 2 நொடி என்று வரையறுத்து, கிடைக்காவிட்டால் விலகி, சிறிது இடைவெளி விட்டு மீண்டும் முயலும்படி எழுதுங்கள். தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் தேவைப்பட்டால், எழுதுவதைத் தடுக்காமல் உருவாக்கும் 'கன்கரன்ட்லி' முறையைக் கையாளுங்கள். அது டிரான்ஸாக்ஷனுக்குள் (முழுதும் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத செயல்தொகுப்புக்குள்) ஓடாது என்பதையும், பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்றை விட்டுச்செல்லும், அதை நீங்களே நீக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

புதிய கட்டங்கள் காலியாக இருக்க அனுமதி தர வேண்டும். அவற்றைப் பற்றி அறியாத பழைய சர்வர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கின்றன அல்லவா?

படி 4: ஒவ்வொரு சர்வரையும் முறையாக நிற்கப் பழக்குதல்

புதுப்பிப்பின்போது சிதறும் பிழைகளில் பெரும்பகுதி, சர்வர் தொடங்கும் விதத்தைவிட அது நிற்கும் விதத்தால் வருவது என்பது என் கணிப்பு. ஓடும் அமைப்பின் ஒரு பகுதியை மாற்ற வேண்டுமானால், அப்பகுதி எந்த வேலையின் நடுவிலும் இருக்கக் கூடாது, புதிய வேலையைத் தொடங்கவும் கூடாது, மற்றவர்களும் அதை நம்பி வேலையைத் தொடங்கியிருக்கக் கூடாது என்ற கருத்தை ஜெஃப் கிரேமரும் ஜெஃப் மாகியும் 1990இலேயே தெளிவாக வரையறுத்தார்கள். இன்றைய கருவிகள் அதைத்தான் எளிமைப்படுத்தித் தருகின்றன.

சர்வர் பிரதிகளைத் தொடங்கி நிறுத்தி நடத்தும் கருவியான குபெர்னெட்டிஸ், ஒரு பிரதியை நிறுத்த முடிவு செய்தால் 'சிக்டெர்ம்' என்ற சமிக்ஞையை அனுப்பி, இயல்பாக 30 நொடி அவகாசம் தந்து, அதற்குள் முடியாவிட்டால் வலிந்து நிறுத்திவிடும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சமிக்ஞை அனுப்புவதும், போக்குவரத்துப் பட்டியலிலிருந்து அந்தப் பிரதியை எடுப்பதும் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை அல்ல, இணையாக நடப்பவை. ஆகவே சமிக்ஞை வந்த பிறகும் சில நொடிகள் புதிய ஆர்டர்கள் அதே பிரதிக்கு வந்துகொண்டிருக்கும். உடனே கதவைச் சாத்தினால் அவை பிழையாகத் திரும்பும். நிறுத்தத்துக்கு முந்தைய ஹூக்கில் (சமிக்ஞைக்கு முன் ஓடும் சிறு செயலில்) 5 முதல் 10 நொடி காத்திருக்கச் செய்து, பிறகு புதிய இணைப்புகளை மறுத்து, கையில் உள்ளவற்றை முடித்து வெளியேறும்படி எழுதுங்கள். அந்தக் காத்திருப்பும் 30 நொடிக்குள்தான் அடங்கும். பணம் செலுத்தும் வேலை 25 நொடி எடுக்கக்கூடியது என்றால் அவகாசத்தைக் கூட்டுங்கள்.

க்யூவிலிருந்து எடுத்த மெசேஜைக் கையில் வைத்திருக்கும்போது ஒரு பிரதி நின்றால், அந்த மெசேஜ் இரண்டாவது முறை வேறொரு பிரதியிடம் வரும். ஆர்டர் எண்ணைப் பார்த்து 'இது ஏற்கெனவே கூடத்துக்குப் போய்விட்டது' என்று அறியும் திறன் நிரலுக்கு இருந்தால்தான் ஒரே வீட்டுச் சீருக்கு இரண்டு முறை அடுப்பு மூட்டாமல் இருக்கலாம்.

படி 5: இரு பதிப்புகளையும் கலந்து சோதித்தல்

புதிய பதிப்பை மட்டும் தனியே சோதித்துவிட்டு வெளியிடுவது போதாது. பழைய சர்வர் ஒன்று, புதிய சர்வர் ஒன்று, இரண்டுக்கும் பொதுவான தரவுத்தளமும் க்யூவும் வைத்து, பழையது போட்ட ஆர்டரைப் புதியது திருத்தவும் புதியது போட்டதைப் பழையது ரத்து செய்யவும் விட்டுப் பாருங்கள். மேலே சொன்ன ஆய்வில், தோல்வி எதையும் மீண்டும் உருவாக்க 3 நோடுகளுக்கு (அமைப்பிலுள்ள தனித்தனிக் கணினிகளுக்கு) மேல் தேவைப்படவில்லை; ஒரு மடிக்கணினியிலேயே இச்சோதனையைச் செய்துவிடலாம்.

படி 6: படிப்பவர் முன்னே, எழுதுபவர் பின்னே

வெளியிடும் வரிசை முக்கியமானது. புதிய வடிவைப் படிக்கும் நிரல்கள் முதலில் மாற வேண்டும்: கூடத்துத் திரை, அறிக்கை நிரல், கடைக் கணினிகள். அவற்றுக்குப் பின்னரே எழுதும் சர்வர்கள்.

சர்வர்களில் முதலில் ஒரே ஒரு பிரதியை மட்டும் மாற்றிச் சிறிது நேரம் விட்டுப் பார்ப்பதைக் கேனரி என்பார்கள். பிழை விகிதம், பதில் வரும் நேரம் ஆகியவற்றோடு, வியாபாரம் சார்ந்த ஓர் எண்ணையும் பாருங்கள்: அந்தப் பிரதி ஏற்ற ஆர்டர்களில் எத்தனை கூடத்துத் திரையை எட்டின என்பது, மற்ற எந்த அளவீட்டையும்விட உண்மையைச் சொல்லும். நிரலுக்கு மட்டுமல்லாமல் அமைவுக் கோப்புகளுக்கும் இதே நிதானம் வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்குப் போன ஒரு தரவுக் கோப்பு, படிப்படியாக இல்லாமல் எல்லா இடங்களுக்கும் ஒருசேரச் சென்றதால், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின.

கேனரி நலமாக இருந்தால் மற்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றும் ரோலிங் அப்டேட்டைத் தொடங்கலாம். இங்கே ஒரு கணக்கை அருகில் வைத்துப் பார்ப்போம். குபெர்னெட்டிஸின் இயல்பு அமைவில் 25% கூடுதலாகவும் 25% குறைவாகவும் இருக்கலாம். கூடுதல் மேல்நோக்கியும் குறைவு கீழ்நோக்கியும் முழு எண்ணாக்கப்படும். 6 பிரதிகள் என்றால் 2 கூடுதலாக வரலாம், 1 குறையலாம். அதாவது புதுப்பிப்பு நடக்கும்போது 8 பிரதிகள் வரை ஓடக்கூடும், நிறுத்தப்பட்டுக்கொண்டிருப்பவை இதில் சேராது. ஒவ்வொரு பிரதியும் தரவுத்தளத்துக்கு 15 இணைப்புகளை வைத்திருந்தால், சாதாரண நாளில் 90. புதுப்பிக்கும் நாளில் 120. போஸ்ட்கிரெஸின் இயல்பு உச்சவரம்போ 100. நிரலில் ஒரு பிழையும் இல்லாமலேயே புதிய பிரதிகள் இணைப்புக் கிடைக்காமல் தடுமாறும். கூடுதலை 1 என்று குறைத்தாலும் 7 பிரதிகளுக்கு 105 ஆகிவிடும்; பிரதிக்குரிய இணைப்புகளைக் குறைப்பதோ, இணைப்புகளைப் பகிர்ந்து தரும் ஒரு இணைப்புப் பூலரை நடுவில் வைப்பதோ முன்கூட்டியே செய்ய வேண்டியவை.

ஒரு புதுப்பிப்பு முடியுமுன் அடுத்ததைத் தொடங்காதீர்கள். எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்த எர்லாங் மொழி, ஓடும்போதே நிரலை மாற்ற இடம் தருவது. அதுகூட ஒரு நிரல் தொகுதிக்குப் பழையது, நடப்பது என்று இரண்டு பதிப்புகளை மட்டுமே அனுமதிக்கிறது. மூன்றாவது வந்தால், மிகப் பழையதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ்கள் (வேலைகள்) முடித்துவைக்கப்படும். பல சர்வர் அமைப்புக்கும் இந்த வரம்பு நல்ல வரம்பு.

படி 7: பெரும்பான்மையால் இயங்கும் நோடுகள்

எட்சிடி என்ற தரவுச் சேமிப்பைப் போன்று, ராஃப்ட் என்ற முறையில் பெரும்பான்மை வாக்கால் இயங்கும் நோடுத் தொகுதிகள் இருந்தால், ஒரு நேரத்தில் ஒரு நோடு மட்டுமே. 3 நோடுகளில் ஒன்றை நிறுத்தினால் மீதி இரண்டும் தவறாமல் இருந்தாக வேண்டும். 5 நோடுகள் இருந்தால் இன்னொன்று எதிர்பாராமல் விழுந்தாலும் தாங்கும். பின்தொடரும் நோடுகளை முதலில் மாற்றி, மற்றவற்றை வழிநடத்தும் லீடர் பொறுப்பைப் புதுப்பித்த ஒன்றுக்குக் கைமாற்றிவிட்டு, பழைய லீடரைக் கடைசியில் மாற்றுங்கள். திரும்பி வந்த நோடு விடுபட்ட பதிவுகளை வாங்கி முடித்துவிட்டதைப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். எட்சிடியில் இடையிலுள்ள பதிப்பைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. எல்லா நோடுகளும் மாறும் வரை தொகுதி மிகப் பழைய நோடின் பதிப்பாகவே நடந்துகொள்ளும்.

படி 8: பழைய தகவலை நிரப்பிச் சரிபார்த்தல்

பழைய சர்வர் ஒன்றுகூட ஓடவில்லை என்று உறுதியான பிறகு இதைத் தொடங்குங்கள். காரணம் இதுதான்: வாடிக்கையாளர் 2 கிலோ என்று புதிய சர்வரில் போட்ட ஆர்டரை, பழைய சர்வர் வழியாக 3 கிலோவாகத் திருத்தினால், 'அளவு' 3 ஆகும், 'எண்ணளவு' 2 என்றே நிற்கும். பழையவர்கள் இருக்கும் வரை பழைய கட்டமே உண்மை, படிப்பதும் அதிலிருந்துதான்.

நிரப்பும்போது முதன்மைச் சாவி வரிசையில் 1000 வரிகள் வீதம் எடுத்து, ஒவ்வொரு தொகுதிக்கும் தனி டிரான்ஸாக்ஷன் வைத்து, காலியாக இருப்பவற்றை நிரப்புவதோடு, இரண்டு கட்டங்களும் முரண்படும் வரிகளைப் பழையதன்படி திருத்துங்கள். பிறகு கணக்குப் பாருங்கள். பேரேட்டிலிருந்து ஐந்தொகை எடுத்துப் பற்றும் வரவும் ஒத்துவருகிறதா என்று பார்க்கும் நகரத்தார் வழக்கத்தைப் போல, பழைய கட்டத்தின் கூட்டுத்தொகையையும் புதிய கட்டத்தின் கூட்டுத்தொகையையும் நாள்வாரியாக, கடைவாரியாக ஒப்பிடுங்கள். ஒரு கடையின் கணக்கு மட்டும் வேறுபட்டால், அங்குள்ள கணினி ஏதோ ஒன்று இன்னும் பழைய பதிப்பில் இருக்கக்கூடும். எல்லாம் ஒத்த பிறகு படிப்பதைப் புதிய கட்டங்களுக்கு மாற்றுங்கள்; எழுதுவது இரண்டிலும் தொடரட்டும்.

படி 9: சுவிட்சைப் போடுதல்

நிரலை வெளியிடுவதும் வசதியைத் திறப்பதும் இரு வேறு நாள்களில் நடக்க வேண்டிய வேலைகள். சுவிட்சைப் போடுமுன் ஒவ்வொரு பிரதியையும், ஒவ்வொரு கடைக் கணினியையும் அதன் பதிப்பு என்ன என்று கேட்டுப் பட்டியலிடுங்கள். வெளியீட்டுக் கருவி 'முடிந்தது' என்று சொன்னதை மட்டும் நம்பாதீர்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் 8 சர்வர்களில் 7 மட்டுமே புதிய நிரலைப் பெற்றிருந்தன. நெடுங்காலமாகப் பயன்படாத ஒரு வசதிக்குரிய பழைய ஃபிளாக்கையே புதிய வசதிக்கும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விட்டுப்போன எட்டாவது சர்வர், ஃபிளாக்கைப் பார்த்ததும் பழைய வசதியை ஓடவிட்டது. சுமார் 45 நிமிடங்களில் நட்டம் 44 கோடி டாலரைத் தாண்டியது. ஃபிளாக்குக்குப் புதிய பெயர், பழைய நிரலை முற்றாக நீக்குதல், பதிப்புப் பட்டியல் ஆகிய மூன்றில் ஒன்று இருந்திருந்தாலும் அது தடுக்கப்பட்டிருக்கும்.

நாமும் முதலில் ஒரு கடைக்கு, ஒரு பலகாரத்துக்கு மட்டும் எண்ணிக்கை ஆர்டரைத் திறந்து, அது கூடத்துத் திரையில் '101 எண்ணம்' என்று வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு விரிப்போம்.

இதுவரை எந்தப் படியிலும் பின்வாங்க முடிந்தது. முதல் எண்ணிக்கை ஆர்டர் விழுந்ததும் நிலைமை மாறுகிறது: பழைய நிரலுக்குத் திரும்பினால் அந்த ஆர்டரை அதனால் படிக்க முடியாது. இந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை வெளியீட்டுக் குறிப்பில் எழுதிவையுங்கள். மெசேஜ்களைக் கையாளும் காஃப்கா போன்ற அமைப்புகளிலும் முதல் சுற்றில் மென்பொருளை மட்டும் மாற்றி, தமக்குள் பேசும் நெறிமுறையைப் பழைய பதிப்பிலேயே வைத்து, சில நாள் கழித்து அதை உயர்த்துவது இதனால்தான். எல்லையைத் தாண்டிய பிறகு சிக்கல் வந்தால் சுவிட்சை அணைப்பதே வழி. புதிய எண்ணிக்கை ஆர்டர்கள் நின்றுவிடும், ஏற்கெனவே வந்தவற்றைப் புதிய நிரல் தொடர்ந்து கையாளும்.

படி 10: சுருக்குதல்

பழைய கட்டத்தை நீக்கும் வேலையைத் தள்ளிப்போட்டே பலரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டு இடத்தில் எழுதும் நிரல் அங்கேயே தங்கி, அடுத்து வரும் பொறியாளரைக் குழப்புகிறது. படி 1இல் குறித்த மிக நீண்ட காலம் முடிந்ததும் தேதி வைத்து இதைச் செய்யுங்கள். முதலில் சர்வரின் வாசலில் பழைய பதிப்பு எண்ணோடு வரும் கடைக் கணினிகளின் கோரிக்கைகளை மறுத்து, 'முதலில் புதுப்பிக்கவும்' என்று பதில் தாருங்கள். அடுத்த வெளியீட்டில் 'அளவு' கட்டத்தைப் படிப்பதையும் எழுதுவதையும் நிறுத்துங்கள். அதுவும் எல்லா இடங்களிலும் நிலைத்து, ஒரு மாதக் கணக்கு முடிப்பும் கடந்த பிறகு, படி 3இல் சொன்ன அதே 2 நொடிப் பூட்டு வரம்போடு கட்டத்தை நீக்குங்கள். ஃபீச்சர் ஃபிளாக்கை நிரலிலிருந்து எடுத்துவிட்டு, அதன் பெயரை இனிப் பயன்படுத்தக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.